நிகரான இரண்டில் ஒன்று

பாலக்காட்டின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துக்கு அண்டையிலுள்ள கொங்கு நாட்டில், இரண்டு வரன்களோ இரண்டு நிலங்களோ ஒன்றுபோல் நல்லவையாகத் தோன்றி முடிவு பிடிபடாதபோது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டித் தெய்வத்தின் முன் வைத்து, ஒரு குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்யும் வழக்கம் உண்டு. இதனைப் பூ வாக்குக் கேட்டல் என்பர். இவ்வழக்கத்தின் உட்பொருளை ஆராய்வதற்குத் திருமணம் பொருத்தமான எடுத்துக்காட்டு அன்று. அங்கே அச்சமும் உறவினர் விருப்பமும் குறுக்கிட்டுக் கேள்வியையே மறைத்துவிடும். எல்லைப்புற மலையூர்களான மறையூரிலோ காந்தளூரிலோ வாழும் ஒருவர், கொச்சிக்கு இறங்கி இலட்சத்தீவுக்குச் சென்று கடலில் மூழ்கிப் பவளப்பாறை காண விரும்பி, அகத்தியா கட்மத்தா என்று தடுமாறுவதைப் போன்ற இலகுவான நிலையே ஆராய்ச்சிக்கு ஏற்றது.

கேரளக் கரைக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கும் இலட்சத்தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்பவை பத்துத் தீவுகள். இவற்றுள் பலவும் பவளத்திட்டின் கிழக்கு விளிம்பில் நீண்டு ஒடுங்கிய மணல்திட்டுகளாக அமைய, மேற்கே ஆழமற்ற உப்பங்கழி விரிந்திருக்கும். படகின் துணையின்றிக் கரையிலிருந்தே நடந்து இறங்கிக் காற்றுக்கலம் சுமந்து மூழ்குவதே கரைவழி மூழ்குதல் எனப்படும். அவ்வாறு மூழ்குவோருக்கு மேற்கே நெடுந்தொலைவு நீந்திய பின்னரே பாறைச்சரிவு எட்டும், கிழக்கேயோ அது கரையை ஒட்டியே கிடக்கும். அகத்தியில் விமான நிலையம் இருப்பதால் பயணம் எளிது. கட்மத்துக்குக் கடல்வழியே செல்லவேண்டும். ஆனால் அங்கே ஆரவாரம் குறைவு. தெற்கே ஒன்பது பாகைக் கால்வாய்க்கு அப்பால், மொழியாலும் வாழ்வாலும் மாலத்தீவை ஒட்டிய மினிக்காய், 1885இல் எழுந்த கலங்கரை விளக்கத்தோடு மூன்றாவதாக நின்று குழப்பத்தை மேலும் கூட்டுகிறது.

ஒத்த இரண்டினுள் ஒன்றைத் தேர்வது எவ்வாறு என்னும் வினா பழையது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கஸ்ஸாலி என்னும் இசுலாமிய அறிஞர், பசித்தவன் எதிரே எவ்வகையிலும் வேறுபாடற்ற இரண்டு பேரீச்சம்பழங்கள் இருப்பின் அவன் ஒன்றை எடுக்கவே செய்வான் என்றும், ஒத்தவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுப்பதே இச்சை என்னும் ஆற்றலின் இயல்பு என்றும் வாதிட்டார். பிற்காலத்து ஐரோப்பியர் இதனையே இரு வைக்கோற்கட்டுகளுக்கு இடையில் நின்று பட்டினியால் மடியும் கழுதையாக மாற்றிக் கேலி பேசினர். ஆயினும் தீவுகள் பேரீச்சம்பழங்கள் அல்ல. இரண்டு பொருள்கள் உண்மையிலேயே சமமாயின், ஒன்றின் பக்கம் சிறு நன்மை சேர்ந்தாலும் தராசு சாய்ந்துவிட வேண்டும். அகத்திக்குச் செல்லும் கட்டணம் ஐந்நூறு ரூபாய் குறைந்தது என்பதற்காக மட்டும் தடுமாற்றம் தீர்வதில்லை. ஆகவே அவை சமமும் அல்ல, ஒன்று மற்றதினும் மேலானதும் அன்று; எளிமை, தனிமை எனும் வெவ்வேறு நன்மைகள் ஒரே அளவுகோலுக்கு அடங்காமல் நிற்கின்றன. இக்கால மெய்யியலாளர் சிலர் இந்நிலையை நிகர்நிலை என்னும் தனியுறவாகக் கொள்வது ஏற்கத்தக்கதே.

அவ்வாறாயின் பூவிடம் கேட்பது அறிவின் தோல்வியா? சீட்டெடுப்பை முறைப்படுத்திய மரபுகளைப் பார்த்தால் அவ்வாறு தோன்றவில்லை. சோழ மன்னன் முதற் பராந்தகனின் 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கான தேர்வில், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் கல்வியும் 35 முதல் 70 வரையான வயதும் உடையவர் பெயர்களை மட்டுமே குடத்தில் இட அனுமதிக்கிறது. கணக்குக் காட்டாதவரை உறவினரோடும் விலக்குகிறது. சபரிமலையில் மேல்சாந்தி, அதாவது தலைமை அருச்சகர், துலா மாத முதல்நாளில் சீட்டால் தெரிவு செய்யப்பெறினும், நேர்காணலில் தேறியோர் பெயர்களே வெள்ளிக் குடத்துக்குள் செல்கின்றன. மனிதன் செய்யவேண்டிய ஆய்வு முடிந்த எல்லையில்தான் இரண்டிடத்தும் குடம் வருகிறது. ஆய்வுக்குச் சோம்பித் தெய்வத்தை அழைப்பது பக்தி ஆகாது. பாலக்காட்டில் தமிழ் பேசும் இராவுத்தர்கள் உள்ளிட்ட முசுலிம்கள் அறிந்த இஸ்திகாரா இன்னும் நுண்மையானது: அம்புகளைக் கொண்டு குறி பார்ப்பதைத் திருக்குர்ஆன் விலக்கியிருக்க, இரண்டு ரக்அத் தொழுது, நன்மையானதை எளிதாக்கித் தருமாறு இறைவனிடம் வேண்டுவதோடு அது நின்றுவிடுகிறது; எடுக்கும் கை மனிதனுடையதாகவே இருக்கிறது.

தீவுப் பயணத்தில் அந்த ஆய்வு எதுவரை செல்லவேண்டும் என்பது சங்கடமான கேள்வி. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல்வெப்ப அலைகளில் இலட்சத்தீவின் பவளங்கள் வெளுத்தன. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகியவற்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த கணக்கெடுப்பு, உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. எந்தத் தீவு தனக்கு இன்பம் தரும் என்று மட்டும் கேட்பவர், தன் கால் மிதிப்பதை எந்தப் பாறை தாங்கும் என்று கேட்கவில்லை. 2024 சனவரியில் இந்தியப் பிரதமரின் இலட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி எழுந்த சர்ச்சையில் மாலத்தீவுப் பயணத்தைக் கைவிட்டு இங்கே திரும்பியவர்கள் நாட்டுப்பற்றை அளவுகோலாக்கினார்கள். அது பவளத்தின் நிலையைப் பற்றி எதையும் சொல்லும் அளவுகோல் அன்று. நுழைவனுமதி பெற்றே செல்லவேண்டும் என்று 1967இன் விதிகள் வகுத்த கட்டுப்பாடு பயணிக்குத் தொல்லையாகத் தோன்றினாலும், தேர்வைத் தனிமனித விருப்பத்துக்கு முழுதும் விட்டுவிடாத ஒரு சல்லடையாகவே அது செயற்படுகிறது.

இவ்வளவும் சலித்த பின்னரும் இரண்டு தீவுகள் எஞ்சினால் பூ எடுப்பதில் குற்றமில்லை. எனினும் சைவ சித்தாந்தம் அதற்கும் ஒருபடி மேலே சிந்திக்க இடந்தருகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்பது எனச் சித்தாந்த நூல்கள் விளக்கும். சார்ந்ததன் வண்ணமாதல் என்பது இக்கோட்பாட்டின் பெயர். இதன்படி, கட்மத்தின் தனிமையைத் தேர்பவர் முன்பே தன்னுள் இருந்த விருப்பத்தைக் கண்டறிபவர் அல்லர், தனிமையைச் சார்ந்து அவ்வகை மனிதராக ஆகத் தொடங்குபவர். பூ எடுத்துத் தந்தாலும் சார்பு அவருடையதே. தேராத தீவை எண்ணி ஏங்குவது பற்றியும் சித்தாந்தத்தில் ஒரு குறிப்புக் கிடைக்கும்: நல்வினை, தீவினை இரண்டின் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி ஒத்து நிற்கும் நிலையை அது இருவினையொப்பு என்கிறது. விடுமுறைப் பயணத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்துவது மிகைதான். ஆயினும் கட்மத்தின் நீரில் நின்றுகொண்டு அகத்தியில் இதைவிடப் பெரிய ஆமை தென்பட்டிருக்குமோ என்று கணக்கிடுபவருக்கு, ஒப்பீட்டைத் தொடர்வதால் எந்தத் தீவும் கிடைக்கப்போவதில்லை.