நிழலுக்குப் பொறுப்பு யார்?

ஒரே பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்கிறோம், ஒளிப்படம் என்கிறோம், நிழற்படம் என்றும் சொல்கிறோம். 1839ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிவியலாளர் பரவச்செய்த பெயரோ, ஒளியால் எழுதுதல் என்னும் ஒரு பொருளையே தருவது. ஒளிக்கும் நிழலுக்கும் தனித்தனியே பெயரில் இடந்தந்த தமிழ் வழக்கு சிந்திக்கத்தக்கது. ஒன்றின்றி மற்றொன்று இல்லை என்பதை யாவரும் அறிவர். ஆயின், ஒரு படத்தில் எது துலங்க வேண்டும், எது இருளில் மறைய வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? இக்கேள்வி கலையோடு நின்றுவிடுவதன்று, அறத்தின்பாற்பட்டதுமாகும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ளது கெப்பாலா பத்தாஸ். அங்குப் பயிலும் மாணவரிடம் 'ஒளியும் நிழலும்' என்னும் தலைப்பைத் தந்து, படமெடுத்து வருமாறு பணிப்போமாயின், முதற்பாடத்தைக் கதிரவனே கற்பிப்பான். நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஐந்தரைப் பாகை வடக்கே அமைந்த ஊராதலின், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் கதிரவன் அவ்வூரின் நேர் உச்சிக்கு வருகிறான். மலேசியக் கடிகாரம் கதிரவனின் கணக்கிற்கு முந்திச் செல்வதால், அவ்வுச்சிவேளை பிற்பகல் 1.20 மணியளவில் நிகழும். அப்பொழுது நேராக நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆனால், அதே வெயிலில் நிற்கும் தோழனின் முகத்தைப் படமெடுத்தால், புருவத்தின் கீழே கண்கள் இருண்டிருக்கக் காணலாம். தரையில் இல்லாத நிழல் முகத்தில் தங்கிவிடுகிறது. ஒளி மிகுந்த இடத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்னும் நம் எண்ணம் அங்கே பொய்த்துவிடுகிறது.

இரண்டாம் பாடம் இதனினும் ஆழமானது. வெண்ணிறச் சட்டை அணிந்த மாணவர் பலரை வரிசையாக நிறுத்திப் படமெடுப்பதாகக் கொள்வோம். கருவியிலுள்ள ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தது என்று கொண்டே கணக்கிடும். வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டதும், ஒளி அளவிறந்துவிட்டதென்று கருதிப் படத்தை மங்கச் செய்யும். சட்டைகள் சாம்பல் நிறமாகும்; மாநிற முகங்களும் கருநிற முகங்களும் மேலும் இருண்டுபோகும். இன்றைய கைப்பேசிகள் முகங்களைக் கண்டறிந்து இக்குறையை ஓரளவு திருத்திக்கொள்கின்றன. முற்றும் நீக்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. வெயில் எல்லார்மீதும் ஒரே தன்மையாகத்தான் பொழிந்தது. இருளைச் சேர்த்தது அளவுகோலே.

இது கருவியின் குணமன்றி மனிதர் குற்றமன்று என்பாரும் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1950களில் தொடங்கிப் பல்லாண்டுகள் கோடாக் நிறுவனம் வண்ணப்படச் சாலைகளுக்கு மாதிரி அட்டைகளை அனுப்பிவந்தது. அவற்றில் இருந்தது வெள்ளைநிறப் பெண்ணொருத்தியின் உருவம். 'ஷர்லி அட்டை' எனப் பெயர்பெற்ற அதனோடு ஒப்பிட்டே நிறங்கள் சரிசெய்யப்பட்டன. அவள் முகம் இயல்பென்று கொள்ளப்பட்டமையால், கருநிற மக்களின் முகங்கள் படத்தில் தெளிவிழந்தன. சாக்லேட்டையும் மரத்தளவாடங்களையும் விற்போர் தம் பொருள்களின் கருமைச் சாயல்கள் வேறுபாடின்றித் தெரிவதாக முறையிட்டதே பின்னர்ப் படச்சுருள் திருந்துவதற்குத் தூண்டுதலாயிற்று என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியோரே கூறியுள்ளனர். பண்டத்தின் நிறத்திற்குக் கிடைத்த கவனம் மனித முகத்திற்கு முன்னரே கிடைத்திருக்க வேண்டுமன்றோ?

அவ்வாறாயின் அளவுகோலே வேண்டாவோ எனக் கேட்கலாம். அளவின்றிப் படமில்லை, அளவின்றிக் கல்வியுமில்லை. நிழல் முழுவதையும் நீக்க முனைவதும் பேதைமையே. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. படம் முழுதையும் வெளுக்கச் செய்தால், முகம் தெளியும். ஆனால் வெண்சட்டையின் மடிப்புகள் மறைந்துபோகும். ஒருவர்க்கு நேர்ந்த குறையை மற்றவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. நல்ல படக்கலைஞர் செய்வது வேறு. அவர் தொலைவில் நின்று காட்சியின் சராசரியை நம்புவதில்லை. அருகே சென்று, முகத்தின்மீது விழும் ஒளியை அளந்துவருகிறார். தேவையாயின் வெள்ளை அட்டையொன்றைப் பிடித்து, வெயிலின் ஒரு பகுதியை இருண்ட கண்கள்மீது திருப்புகிறார். வேண்டுவது நான்கடி நடையும் சிறிது பொறுமையுமே.

வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. ஆசிரியர் எல்லார்க்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார். ஒரே வினாத்தாளைத்தான் தருகிறார். ஆயினும் சிலர் துலங்குகின்றனர், சிலர் இருள்கின்றனர். இருண்டவனிடம் அறிவொளி இல்லை என்று முடிவுகட்டுமுன், நாம் அளந்த இடம் எதுவென்று எண்ணிப் பார்க்கவேண்டும். சமமாகப் பொழிந்துவிட்டோம் என்னும் மனநிறைவு, சமமாகக் கண்டுவிட்டோம் என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே, இத்தகைய செயல்திட்டத்தில் அழகிய படங்களுக்கு மட்டும் மதிப்பெண் வழங்கி அமைந்துவிடலாகாது. தான் எடுத்த படத்தைக் கையிலேந்தி, "ஐயா, இவன் முகம் மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று ஒரு மாணவி வினவுவாளாயின், அவளே பாடத்தின் உட்பொருளைத் தொட்டவள். வெயிலின்மேல் பழியைப் போட்டு அவளை அனுப்பிவிடாமல், மீண்டும் ஒருமுறை, இன்னும் அருகே சென்று எடுத்துவரச் சொல்வதே ஆசிரியர் கடன்.