பிள்ளையின் கேள்வியும் பெற்றோரின் கடமையும்



அடியேன் எழுத்தாளன் அல்லன். பெட்டாலிங் ஜெயாவில் மளிகைக் கடை நடத்தும் வியாபாரி. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. ஆயினும் சென்ற ஆண்டு என் கடையில் நடந்த சிறு சம்பவம் ஒன்று என் உள்ளத்தை விட்டு நீங்காதிருப்பதால், அதைத் தங்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

ஒருநாள் கடையின் பின்புறம், அரிசி மூட்டைகளுக்கு அருகே முஸல்லாவை விரித்து அஸர் தொழுது எழுந்தேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என்னையே பார்த்துக் கொண்டு நின்றான். கறித்தூள் வாங்க வந்த பிள்ளை. "மாமா, நெற்றியைத் தரையில் வைத்து யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டான்.

இவனுடைய குடும்பத்தை நான் நன்கு அறிவேன். பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் 1929-இல் முதன்முறையாகவும் 1954-இல் மறுமுறையாகவும் மலாயா வந்தார்கள் அல்லவா? அந்த இரண்டாம் வருகையின்போது அவரது பேச்சைக் கேட்டுச் சுயமரியாதைக்காரரானவர் இந்தப் பையனின் பாட்டனார். அன்று முதல் அவ்வீட்டில் விளக்குமில்லை, பூசையுமில்லை. ஆனால் நாணயம் உண்டு. என் கணக்கு நோட்டில் அவர்கள் பெயரில் ஒரு வெள்ளிகூட மாதம் தாண்டி நின்றதில்லை.

"இதை ஏன் கேட்கிறாய்?" என்றேன். "பள்ளிக்கூடத்தில் ருக்குன் நெகாரா சொல்கிறோம். முதலாவதாகக் கடவுள் நம்பிக்கை வருகிறது. கடவுள் யார் என்று அப்பாவைக் கேட்டேன். அதெல்லாம் பொய், வாயால் சொல்லிவிட்டு வா என்றார். பொய் என்றால் நான் ஏன் அதைச் சொல்ல வேண்டும்?" என்றான்.

1969 மே மாதக் கலவரத்திற்குப் பின், பல இன மக்களையும் ஒன்று சேர்க்க வேண்டி 1970 ஆகஸ்ட் 31-இல் பிரகடனம் செய்யப்பட்டது ருக்குன் நெகாரா. அதன் முதற் கோட்பாட்டைப் பற்றி ஒரு பாலகன் இவ்வளவு நேராகக் கேட்பான் என்று நான் நினைத்ததில்லை. உண்மையைச் சொல்லி விடுகிறேன். கலிமாவைச் சொல்லிக் கொடுத்து விடலாமா என்ற ஆசை எனக்கு வந்தது. கடையில் வேறு யாரும் இல்லை; பையனோ ஆவலோடு நிற்கிறான். ஆனால் மறுகணமே, என் மகளை எனக்குத் தெரியாமல் ஒருவர் அழைத்துவைத்துத் தம் கொள்கையைப் புகட்டினால் நான் பொறுப்பேனா என்ற கேள்வி எழுந்தது. பொறுக்க மாட்டேன். ஆகவே, "நான் அல்லாஹ்வைத் தொழுதேன். மற்றதை உன் அப்பாவோடு வந்து கேள், சொல்கிறேன்" என்றேன்.

"ஐயோ, அப்பாவிடம் சொல்லாதீர்கள்!" என்றான் பையன்.

சகோதரர்களே, என்னை உலுக்கியது இந்த வார்த்தைதான். தெருவில் உள்ள கடைக்காரனிடம் கேட்கத் துணிந்த கேள்வியை, பெற்ற தகப்பனிடம் மறுமுறை கேட்க அவன் அஞ்சுகிறான். "நான் ஒன்றையும் மறைக்க மாட்டேன். நீயே சொல், நானும் பக்கத்தில் நிற்பேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் தகப்பனார் வந்தார். முகம் கடுத்திருந்தது. "பாய், பிள்ளைக்கு என்ன ஓதிக் கொடுத்தீர்கள்?" என்றார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவருடைய அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். பதினெட்டு வயது நிரம்பாதவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிக்க வேண்டும் என்று நம் நாட்டு அரசியலமைப்பின் 12-ஆவது விதி கூறுகிறது. அப்படியிருந்தும் ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயாரின் மூன்று பிள்ளைகளை, அவருக்குத் தெரியாமலே 2009-இல் கணவர் மதம் மாற்றினார். அது செல்லாது என்ற கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற அந்தத் தாய் 2018 ஜனவரி 29 வரை காத்திருக்க நேர்ந்தது. இதை அறிந்த ஒரு தகப்பன் நடுங்காமல் இருப்பானா? அண்டை வீட்டாரின் பிள்ளை நம்மிடம் வந்து கேட்கும்போது, பெற்றோருக்குப் பின்னால் நின்று பதில் சொல்லாதிருப்பது அமானிதத்தைப் பேணுவதாகும்.

நிற்க. அவரை ஸ்டூலில் உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தேன். "அண்ணே, பையனுக்கு நீங்கள் ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "இந்த வயதில் எதற்கு? வளர்ந்தபின் அவனே தேர்ந்து கொள்ளட்டும்" என்றார்.

நியாயமாகத் தோன்றும் வார்த்தைதான். ஆனால் சற்று யோசியுங்கள். அரிசி வாங்க வருகிறவர்கூட மூட்டையைத் திறந்து காட்டச் சொல்கிறார். ஒன்றையும் காணாத பிள்ளை பதினெட்டாவது வயதில் எதைத் தேர்ந்தெடுப்பான்? காட்டாமல் வைப்பதும் ஒரு விதத்தில் தேர்ந்து கொடுப்பதேயாகும். நான் என் பிள்ளைக்கு ஈமானைக் கொடுக்கிறேன்; அவர் தம் பிள்ளைக்கு ஐயத்தைக் கொடுக்கிறார். ஒன்றும் கொடுக்காத தகப்பன் உலகில் இல்லை. கொடுப்பதோடு கேட்கும் வாயையும் அடைக்கிறோமா என்பதே விஷயம்.

அடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்ற ஆங்கில அறிஞரின் தகப்பனார் சுதந்திரச் சிந்தனையாளர். தாம் இறந்தபின் தம் பிள்ளைகளை நாத்திகரே வளர்க்க வேண்டுமென உயில் எழுதி வைத்து, 1876-இல் காலமானார். நீதிமன்றம் அந்த உயிலை ஏற்காமல் பாட்டனார் வீட்டிற்குப் பிள்ளைகளை அனுப்பியது. பக்தி மிகுந்த பாட்டியார்தாம் ரஸ்ஸலை வளர்த்தார். அவரோ வளர்ந்து, மதத்தை மறுத்து எழுதியதற்காகவும் உலகப் புகழ் பெற்றார்! தகப்பனின் உயிலும் பலிக்கவில்லை; பாட்டியின் கண்டிப்பும் பலிக்கவில்லை. பிள்ளையின் உள்ளம் நம் கைச்சாவிக்குத் திறக்கும் பூட்டு அன்று.

அன்றியும், பெரியார் அவர்கள் தாம் சொல்வதைக்கூட அப்படியே நம்ப வேண்டாம், சுய அறிவால் ஆராய்ந்து பாருங்கள் என்றே கூட்டந்தோறும் சொல்லி வந்தார். மீலாது மேடைகளில் ஏறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிப் பேசியவர் அவர். அவரைப் பின்பற்றுகிறவர், 'கேட்காதே' என்று பிள்ளையை அடக்கலாமா? நம்பாததை வாயால் சொல் என்று கற்பிக்கலாமா? இதை நான் சொன்னபோது அவர் வெகுநேரம் மௌனமாக இருந்தார்.

"நான் என்ன சொல்ல வேண்டும், பாய்?" என்றார் கடைசியில்.

"உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் நம்பவில்லை என்பதையும், ஏன் என்பதையும் சொல்லுங்கள். நம்புகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பரிகாசம் இல்லாமல் சொல்லுங்கள். ஜாலான் சிலாங்கூரில் விநாயகர் கோயில், ஜாலான் டெம்ப்ளரில் மாதா கோயில், சயாமியரின் புத்தர் கோயில், நம் பள்ளிவாசல் எல்லாம் இந்த ஊரிலேயே இருக்கின்றன. கைபிடித்து அழைத்துப் போய்க் காட்டுங்கள். அறிந்து கொள்வது வேறு, சேர்ந்து விடுவது வேறு" என்றேன்.

அவர் போனபின் என் மனச்சாட்சி என்னைக் கேட்டது: நீ மட்டும் யோக்கியனா? சில மாதங்களுக்கு முன் என் மகள், "வாப்பா, கடவுள் இல்லை என்கிற அந்த மாமா இவ்வளவு நேர்மையாக இருக்கிறாரே, எப்படி?" என்று கேட்டாள். "இப்படியெல்லாம் கேட்பது பாவம்" என்று அதட்டினேன். அந்தத் தகப்பனார் செய்த அதே குற்றம்! நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் பார்த்து, மறைகின்றவை இறைவன் ஆகா என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் தெளிந்ததைச் சூரா அன்ஆமில் ஓதுகிற நான், மகளின் கேள்விக்கு அஞ்சினேன். இணைவைக்கும்படி பெற்றோர் நிர்ப்பந்தித்தால் கீழ்ப்படியலாகாது, ஆனாலும் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் நடந்து கொள்ள வேண்டும் என்று சூரா லுக்மான் போதிக்கிறது. கொள்கை பிரிந்தாலும் உறவு பிரியலாகாது என்றன்றோ இதற்குப் பொருள்?

அன்றிரவு மகளை அழைத்து, "அம்மா, அன்று உன்னை அதட்டியது தவறு. அந்த மாமாவின் நேர்மை உண்மையானது. நாம் நம்புவதை அவர் நம்பாததும் உண்மை. அவர் விஷயத்தில் தீர்ப்பு அல்லாஹ்வுடையது, என்னுடையது அன்று" என்றேன். அவள் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டாள். ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

ரமலான் வந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வழங்கும் நேரத்தில் அந்தத் தகப்பனார் மகனோடு வந்து நின்றார். கஞ்சியை ஏன் காய்ச்சுகிறார்கள், பகலெல்லாம் ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்று தமக்குத் தெரிந்த மட்டும் அவரே பிள்ளைக்குச் சொல்லிக் கொண்டிருந்தார். ஓரிடத்தில் தவறாகச் சொன்னார். நான் திருத்தப் போகவில்லை. பையன் தகப்பனைக் கேட்டுக் கொண்டிருந்தான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கேள்வி கேட்கும் பிள்ளைகளையும், அதற்கு அஞ்சாத உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.