சக்சன்

“இருபது, இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காதுங்க.” பெரியநாயக்கன்பாளையம் பக்கம் கிணற்றில் மோட்டார் மாட்டும் ஃபிட்டர்களுக்குப் பழகிய கணக்கு இது. ஏட்டுக் கணக்கு கடல்மட்டத்தில் 10.3 மீட்டர். நாம் 400 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு, பத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். குழாய் உராய்வு, பம்பின் தேவை எல்லாம் போக ஏழு மீட்டர் நின்றால் பெரிது.

பம்பு இழுப்பதே இல்லை என்பதை ஏற்க மனசு அடம்பிடிக்கிறது. அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைப்பதோடு சரி. தண்ணீரை மேலே தள்ளுவது, கிணற்று நீரின்மேல் உட்கார்ந்திருக்கும் காற்று.

*

இத்தாலியப் பம்புக்காரர்களும் இந்த எல்லையில் முட்டி நின்றவர்கள்தான். கலிலியோ 1638-ல் அதை எழுதிவைத்தார், காரணம் பிடிபடவில்லை. பின்னால் வந்த டொரிசெல்லி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை எடுத்தார். பதின்மூன்று மடங்குக்கும் மேல் கனம்; பத்து மீட்டர் 76 சென்டிமீட்டராகச் சுருங்கியது. வெற்றிடத்தை அளக்கும் கலை கிணற்றடியில் பிறந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. ஓரளவு உண்மையும்கூட.

*

காற்று மிக அருகிவிட்டால் பாதரசம் அசையாது. மெக்லியோட் 1874-ல் அந்த அருகிய வாயுவைச் சின்ன இடத்தில் நெருக்கிப் பெருக்கி அளந்தார். பிரானி 1906-ல் எடையையே விட்டுவிட்டார்: சூடான கம்பியிலிருந்து வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்தார். மூலக்கூறுகள் குறைந்தால் வெப்பத்தைச் சுமக்க ஆளில்லை.

இனி வருவது இன்னும் நுட்பம். அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில், லேசரால் குளிர்வித்த லித்தியம், ருபிடியம் அணுக்களைக் காந்தப் பொறியில் நிறுத்துகிறார்கள். மிஞ்சியிருக்கும் வாயு மூலக்கூறு வந்து இடித்தால் அணு வெளியே தெறிக்கும். அந்தக் கூட்டம் கரையும் வேகமே அளவு. இதைச் சரிபார்க்க இன்னொரு கருவி வேண்டாம். அணுவின் இயல்பே படிக்கல்.

*

நூற்பு இயந்திரங்கள் செய்ய 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பெரியநாயக்கன்பாளையத்தில்தான் இருக்கிறது. நூல் நூற்கும் ரிங் பிரேமில் நூல் அறுந்தால், வந்துகொண்டேயிருக்கும் பஞ்சை ஒரு சக்சன் குழல் உறிஞ்சிக்கொள்ளும். அங்கே குறைவது காற்றழுத்தத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மில்லில் அதைத் தண்ணீர் மட்டத்தின் மில்லிமீட்டரில் சொல்வார்கள். தண்ணீர் ஊற்றிய யு-குழாய் போதும். அளவு இறங்கினால் அணுவை எண்ண வேண்டியதில்லை. ஃபில்டரில் பஞ்சு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் எங்கோ காற்று ஒழுகும்.