நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அக்டோபர் 2 அன்று எங்கள் ஊரில் கிராம சபை. முந்திய நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்தேன். “போன வருஷமே சாக்கடை விஷயத்தைச் சொன்னோம், ஹஜ்ரத். எழுதிக்கொண்டார்கள். தண்ணீர் இன்றும் மையவாடிச் சுவரோரம்தான் தேங்கி நிற்கிறது. நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அல்லாஹ் மேல் தவக்குல் வைத்துவிட்டுச் சும்மா இருப்போம்” என்றார்.

சலிப்பு நியாயமானதே. ஆனால் தவக்குல் என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தது என்னை உறுத்தியது.

ஹிஜ்ரி 3-ல் குறைஷிகள் மதீனாவை நோக்கிப் படையெடுத்து வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் மஷூரா செய்தார்கள். ஊருக்குள் இருந்தபடியே எதிர்கொள்ளலாம் என்பது நாயகம் அவர்களின் எண்ணமாயிருந்தது. பத்ரில் கலந்துகொள்ளும் பாக்கியம் கிட்டாத வாலிபர்களோ வெளியே சென்று போரிடுவோம் என்று வற்புறுத்தினர். வஹீ பெறும் நபியவர்கள் தம் எண்ணத்தை விட்டுக்கொடுத்து, கவசம் அணிந்து உஹதுக்குப் புறப்பட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு உபையும் ஊருக்குள் இருக்கவே யோசனை சொன்னவன்தான். தன் பேச்சு எடுபடவில்லை என்று சொல்லி, ஏறத்தாழ 300 பேரைக் கூட்டிக்கொண்டு வழியிலேயே திரும்பிவிட்டான். யோசனையில் தவறில்லை. திரும்பிப் போனதில்தான் அவனுடைய நயவஞ்சகம் வெளிப்பட்டது.

உஹதில் சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். இத்தனை இழப்புக்குப் பின், இனி யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம் என்றல்லவா நமக்குத் தோன்றும்? ஆனால் உஹதையொட்டி இறங்கிய 3:159 வசனம், அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடி, காரியங்களில் அவர்களுடன் ஆலோசிக்குமாறே நபியவர்களுக்குக் கட்டளையிட்டது. தவக்குல் அதே வசனத்தில்தான் வருகிறது; ஆலோசித்து, முடிவு செய்து, அதன் பிறகு. பெரியவர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கிராம சபை ஸஹாபாக்களின் மஷூராவுக்கு நிகராகுமா என்று சிலர் கேட்கலாம். நிகராகாது. ஆயினும் அந்தச் சாக்கடை நீர் நம் மையவாடியோரம் தேங்குவது போலவே அண்டை வீட்டாரின் வாசலிலும் தேங்குகிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி மிம்பரில் பேசும் நாம், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமலிருப்பது எப்படி?

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஆண்டுக்கு நான்கு நாட்கள் என்றிருந்த கூட்டம், 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறு ஆயிற்று. “எழுதிக்கொண்டார்கள்” என்பதோடு நின்றுவிட வேண்டியதுமில்லை. தீர்மானத்தின் நகலைக் கேட்கலாம். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். போன வருஷம் எங்களில் ஒருவர்கூட அந்த நகலைக் கேட்கவில்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷக் கூட்டத்தில் நான் பதிவேட்டில் கையொப்பமிட்டு, பின்வரிசையில் சற்று நேரம் இருந்துவிட்டு, சாக்கடைப் பேச்சு எழுமுன்பே லுஹருக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து வந்துவிட்டேன். பாங்கு சொல்ல இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். மறுநாள் வந்தார், நகல் கேட்டு அவரே எழுதிக் கொடுத்தார். “நவம்பர் 1-க்கு வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்களேன், அவர்களும் உறுப்பினர்கள்தானே” என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.