வினைக்கொள்கையும் குடும்ப ஆற்றுப்படுத்தலும்

ஆற்றுப்படுத்தல் என்பது தமிழிற் பழஞ்சொல். பேறு பெற்றானொருவன் அதனைப் பெறவேண்டி நிற்பானுக்கு வழிகாட்டுதலே அதன் பொருள். பதினோராந் திருமுறையுட் சேர்ந்த திருமுருகாற்றுப்படையிற் போற்றப்படும் திருவாவினன்குடி, திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியின்கண் உள்ளது. இக்காலத்தார் மனத்துயராலும் குடும்பப் பிணக்காலும் வருந்துவார்க்குத் துணைநிற்குந் தொழிலையும் அச்சொல்லாலேயே வழங்குகின்றனர். அத்தொழிலைப் பயிற்றும் நிலையமொன்றைத் திண்டுக்கல் நகரையடுத்த நொச்சியோடைப்பட்டியிற் கத்தோலிக்கத் துறவியராகிய கப்புச்சின் சபையார் நடத்துகின்றனர். அதன் பெயர் அனுக்கிரகா. அனுக்கிரகமாவது சைவர் கூறும் ஐந்தொழில்களுள் இறுதியாகிய அருளலே. இப்பெயரைக் கேட்குஞ் சைவர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. சைவ மாணவரொருவர் இத்தொழிலைக் கற்கப் புகுவாராயின், அவர்தஞ் சமயக் கொள்கை அதன்கண் எவ்விடத்து நிற்றல் வேண்டும்?

இத்தொழிலிற் புதியோர் முதற்கண் பயில்வன சிலவே. இடைமறியாது கேட்டல், கேட்டதைத் தஞ்சொல்லால் எடுத்துரைத்துச் சரிதானா என வினவல், ஆம், இல்லை என்னும் விடையோடு முடியாத வினாக்களை எழுப்பல், ஒருபாற் கோடாமை, பிறர் மறை காத்தல் என்பன அவை. குடும்பத்துள் ஒருவரையே குற்றமுடையாரெனக் கொள்ளாது, அனைவரும் ஒருவரோடொருவர் பிணைந்து நிற்கும் அமைப்பினை நோக்குக என்பது சால்வடார் மினுச்சின் என்பார் 1974இல் வெளியிட்ட நூலின் கருத்து. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பிற்று என்று கற்ற சித்தாந்த மாணவர்க்கு இது புதிதன்று.

இடர்ப்பாடு தோன்றுவது பிறிதோரிடத்து. திண்டுக்கற் சமவெளியில் நூற்பாலைக்குச் சென்று உழைத்து மீளும் பெண்ணொருத்தி, குடிகாரக் கணவன் அடிக்கும் அடிக்கு ஆற்றாது வந்து, “எல்லாம் நான் செய்த பாவம்” என்று அழுகின்றாள் என்று கொள்க. புதிய மாணவர், “ஆம் அம்மா, அது பிராரத்தம்; அனுபவித்தே கழித்தல் வேண்டும்” என விடை கூறுகின்றார். இவ்விடை சைவக் கொள்கைபோலத் தோன்றும். உண்மையில் அது சைவத்துக்கு மாறாவதே.

என்னை? வினைப்பயனை அறிந்து ஊட்டுவோன் இறைவனே. வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது. சிற்றறிவுடைய உயிர் தன் வினையையே முற்ற அறியமாட்டாது. அங்ஙனமாகப் பிறிதோர் உயிரின் துன்பத்தைக் கண்டு, இஃது இன்ன வினையின் பயன், இன்னுந் தொடர்தற்குரியது என்று தீர்ப்பளித்தல், முற்றறிவுடையோன் இருக்கையிற் சென்று அமர்தலாம். மேலும், அடி அவளுக்குப் பிராரத்தமேயாயினும், அடிப்பவனுக்கு அஃது ஆகாமியம். பொறுத்திரு என்று அதற்கு உடன்படுவோன் தானும் ஓர் ஆகாமியத்தை ஈட்டுகின்றான். நோயும் வினைவழி வருவதே. அதுபற்றி மருந்தை விலக்கும் சைவர் யாண்டும் இலர். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கோடற்கு உரிய கண்ணாடி; பிறர் வாயை அடைத்தற்குரிய கல் அன்று.

ஆதலின் அம்மாணவர் செய்யத்தக்கது யாது? அவள் சொல்லை மறுத்தலும் வேண்டா, வழிமொழிதலும் வேண்டா. “அவ்வாறு தோன்றும்போது உங்கள் மனம் என்ன பாடுபடுகிறது அம்மா?” எனக் கேட்டுக் காத்திருத்தல் வேண்டும். பழனிக்குக் காவடி நேர்ந்திருக்கின்றேன் என அவளே கூறின், அந்நேர்ச்சி தரும் உரத்தைப் பரிவோடு கேட்டறிதல் வேண்டும். அடிக்கு அஞ்சுவாள் கணவன்முன் உண்மை கூறாள்; கூறினும் வீடு திரும்பியபின் அதற்காகவே அடிபடுதல் கூடும். ஆகவே இருவரையும் ஒருங்கிருத்தி வினவாது தனித்தனியே கேட்டல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு ஆணையும் உறைவிட உரிமையும் பெற வழிசெய்கின்றது. பாதுகாப்பு அலுவலரை அணுகும் வகையையும் உரைத்தல் கடன். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இணக்கத்துக்கு முயல்க என்று நீதிமன்றத்தைப் பணிப்பது உண்மையே. ஆயினும் அச்சத்தால் வாய்மூடியிருத்தல் இணக்கம் ஆகாது.

அற்றேல், சமயத்தை வாயிலிலேயே விட்டுவந்து தொழில் செய்தல் நன்றன்றோ எனின், அன்று. சமயம் தொழிற்பட வேண்டிய இடம் கேட்போருடைய உள்ளம். அழுவாளைக் கண்டவுடன் அறிவுரை கூற விரைவது யாது? தன் சொல் ஏற்கப்படாதவிடத்துச் சினப்பது யாது? ஆணவமே. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார் ஆணவத்தின் இயல்பு யாதென வினவியபோது, இளம்பருவத்தினராகிய மெய்கண்டார் சொல்லால் விடைகூறாது, வினவி நின்ற அவரையே நோக்கினார் என்பது வரலாறு. முதியவர் இளையவர்க்கு மாணாக்கராயினர். மூத்த ஆசிரியர் மேற்பார்வையில் தன் பேச்சையும் சினத்தையும் விரைவையும் வாரந்தோறும் ஆராய்ந்து பயிலும் மாணவர், அந்நோக்கின் முன்னரே நிற்கின்றார். அவர் கற்கும் முதற் பாடம் பிறர் குடும்பம் அன்று. தம்மிடத்து உள்ள மலம்.

அனுக்கிரகம் இறைவன் ஒருவனுக்கே உரியது. மாந்தர்க்கு எஞ்சியது ஆற்றுப்படுத்தல் மட்டுமே. வழியைக் காட்டலாம், வழியில் உடன்நிற்கலாம், அருளுவோனாய்த் தன்னை எண்ணுதல் ஆகாது. இவ்வெல்லையை அறிந்து தொழில் புரிவோர், சமயத்தின் பெயரைச் சொல்லாதவிடத்தும் சைவராகவே விளங்குவர்.

திருச்சிற்றம்பலம்.