லயத்தின் படம்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்ப் பைகளையும் வடிகட்டிகளையும், தேநீர் விட்டுச்செல்லும் கறையையும் தம் படைப்புகளுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டவர். குடித்தவர் எறிந்த பையில், கொழுந்து பறித்தவளின் வாழ்வைத் தேடும் கலை அது. இத்தகைய படைப்புகள் பெரும்பாலும் கொழும்பிலும் வெளிநாட்டு நகரங்களிலும்தான் காட்சிக்கு வருகின்றன. ஹட்டனிலோ நானுஓயாவிலோ விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண் அவற்றைப் பார்ப்பது அரிது. ஒரு சமூகத்தின் வலியைக் கலையாக்கிப் பிறருக்குக் காட்டும்போது அந்தச் சமூகத்திடம் கேட்க வேண்டுமா? கேட்பதென்றால் யாரிடம்?

இந்தக் கேள்வி தேயிலைக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் எலியட் லேக் பகுதியின் யுரேனியச் சுரங்கங்கள் 1950களில் திறக்கப்பட்டபோது, தாதுவைப் பிரிக்கத் தேவையான அமிலத்தைத் தயாரிக்கும் ஆலை சர்ப்பன்ட் ரிவர் பூர்வகுடிகளின் நிலத்திலேயே எழுந்தது. அந்தக் குடியில் வந்த ஓவியர் பொனி டெவைன், அந்தச் சுரங்கங்களின் கதையை ஆராய்ந்து எழுதிய குறிப்பேட்டுத் தாள்களையே தைத்து ஒரு முழுப் படகு செய்தார். மூதாதையர் ஆற்றில் ஓட்டிய படகின் வடிவம் அது. காகிதத்தால் ஆனது, நீரில் இறங்காது. வட ஆஸ்திரேலியாவின் மிரார் மக்கள் வேறு வழியில் போனார்கள். ஜபிலுக்கா யுரேனியச் சுரங்கத்துக்கு எதிராக 1998இல் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. அவர்களின் இசைவு இல்லாமல் அங்கே சுரங்க வேலை நடக்காது என்று 2005இல் கம்பனி ஒப்பந்தம் செய்துகொடுத்தது. ‘வேண்டாம்’ என்ற அவர்களின் சொல்லுக்கு அன்று எடை கிடைத்தது.

மலையகத் தமிழர் பூர்வகுடிகள் அல்லவே, அவர்களுக்கு ஏது தன்னுரிமை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆங்கிலேயர் 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிச் சிங்களக் கிராமத்தவரும் நிலம் இழந்தார்கள், அந்த இழப்பும் உண்மையானது. ஆனால் நிலத்தைப் பறித்தவன் ஒருவன், அவனால் தென்னிந்தியாவிலிருந்து கூலிக்குக் கொண்டுவரப்பட்டவன் வேறொருவன். காடழித்து, கோப்பி நட்டு, அது நோயில் அழிந்தபின் தேயிலை நட்டு, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே புதைந்த மக்களை 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து இரண்டு அரசுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ‘நீ எங்கே இருக்க விரும்புகிறாய்’ என்பதை வைத்து அந்த எண்ணிக்கைகள் போடப்படவில்லை. கேட்கப்படாமல் இருப்பதுதான் இந்த மக்களின் வரலாறு. 2023இல், முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, தங்களை மலையக மக்கள் என்று தாங்களே சொல்லிக்கொண்டபோது அந்த வரலாற்றுக்குத்தான் பதில் சொன்னார்கள்.

படத்திலும் இதே கதைதான். ஆங்கிலேயர் காலத்துத் தபாலட்டைகளில் தொடங்கி இன்றைய தேயிலைப் பெட்டி, சுற்றுலா விளம்பரம் வரை, கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் முகம் விற்கப்படுகிறது. கொழுந்துக்குக் கிலோக் கணக்கு உண்டு, அந்த முகத்துக்குக் கணக்கு இல்லை. இதற்கு மறுப்பாக வந்த படம், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் இடிந்த லயத்தை, ஒழுகும் தகரத்தை, அட்டை கடித்த காலைக் காட்டுகிறது. அது உண்மையான படம். ஆனாலும் சிரிக்கும் படமும் அழும் படமும் ஒரே பிழையைச் செய்ய முடியும். இரண்டிலும் அந்தப் பெண் யாரோ ஒருவர் சொல்ல வந்ததற்குச் சான்றாக மட்டும் நிற்கிறாள்.

அப்படியானால் கலைஞர் ஒவ்வொருவரும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா? கூடாது. சமூகத்தின் சார்பில் அனுமதி கொடுக்கும் இடத்தில் தொழிற்சங்கத் தலைவரோ கோவில் கமிட்டியோ உட்கார்ந்துகொண்டால், லயத்துக்குள் நடக்கும் குடியும் அடியும் ஒருபோதும் கலையாகாது. அந்த லயத்தின் அறையான காம்பராவிலேயே வளர்ந்தவளிடம், உன் அம்மாவின் வாழ்வை வரைய யாரிடம் கேட்டாய் என்று கேட்பதும் அநியாயம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து கமெராவோடு தோட்டத்துக்குள் வருபவர் இப்போதும் ஓர் அனுமதி கேட்கத்தான் செய்கிறார், தோட்டத் துரையான முகாமையாளரிடம். வீடும் வாசலும் குடியிருப்பவர் பெயரில் இல்லாததால், லயத்தின் வாசலைப் படமெடுக்கக்கூடத் துரையின் சம்மதம் போதும் என்றாகிவிடுகிறது. காணி உறுதி இல்லாத குடும்பத்துக்குத் தன் முகத்தின்மேலும் உறுதி இல்லை. காணிக் கேள்வியும் கலைக் கேள்வியும் இங்கே ஒன்றாகின்றன.

படைக்கும் சுதந்திரத்துக்கு வேலி வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நிலை. கடமை, காட்டும் இடத்தில் தொடங்குகிறது. மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடும்போது ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே லயத்தார். அடவு பிசகினால் கிழவர் ஒருவர் அங்கேயே திருத்துவார். கலைக்கும் அதன் மக்களுக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு அது. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தார், பாடியவர்களோடு வாழ்ந்து தொகுத்தார். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். அங்கே போகும் மலையகத்தவர் தன் பாட்டியின் காம்பராவுக்குள்தான் நுழைகிறார். அங்குள்ள, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்தின் நல்ல தேயிலை கப்பலேறிவிடும். பறித்தவர்கள் குடிப்பது தூள். படத்துக்கும் அந்த நிலை வரக்கூடாது. லயத்து மக்கள் பார்க்காமல், ‘இது நாங்கள் இல்லை’ என்றோ ‘இது நாங்கள்தான்’ என்றோ சொல்ல வாய்ப்பில்லாமல் கப்பலேறும் கலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு இரக்கம் சுமந்தாலும், அந்த மக்களுக்குக் கடன்பட்டதே.

கண்காட்சி நடத்துபவர்களிடம் வேண்டுவது பெரிதல்ல. கொழும்பில் திறப்பதற்கு முன், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் முதலில் மாட்டுங்கள். குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். ஓவியரையும் கூட்டி வாருங்கள், லயத்து மக்கள் கேள்வி கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், அன்றைக்குத்தான் மலையில் வேலை இருக்காது.