உழைப்பின் பெருமையும் விளைவின் பழியும்

உழைப்பே உயர்வு தரும் என்று வகுப்புதோறும் சொல்லி வருகிறோம். கட்டுரைப் பயிற்சியில் இத்தலைப்பு இடம்பெறாத ஆண்டே இல்லை. மாணவர்களும் எறும்பையும் தேனீயையும் எடுத்துக்காட்டி இரண்டு பக்கம் எழுதிவிடுகின்றனர். நாமும் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எத்தகைய உழைப்பு என்று மட்டும் நாம் கேட்பதில்லை. தீங்கு பயக்கக்கூடிய ஒரு பொருளை ஒருவன் நேர்மையோடும் பொறுமையோடும் கைத்திறனோடும் ஆக்குகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உழைப்பை நாம் போற்றலாமா? பொருள் தீதாயின் அதனை ஆக்கிய உழைப்பும் தீதாகிவிடுமா?

இவ்வினா ஏட்டைப் படித்தபோது எனக்கு எழுந்ததன்று. தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில், ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய திராட்சை மதுச்சாலையில் நின்றபோது எழுந்தது. நான் மது அருந்துபவனல்லன். பள்ளி விடுமுறையில் அடிலெய்டு நகரத்திலுள்ள என் மைத்துனர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, இந்நாட்டுக்கு வந்துவிட்டு இதைக் காணாமல் போவதா என்று அவர்தாம் அழைத்துச் சென்றார்.

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அப்பள்ளத்தாக்கு. அப்போது அங்கே குளிர்காலம். தாழ்ந்த குன்றுகளுக்கிடையே இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. இடையிடையே யூகலிப்டஸ் மரங்களும், கல்லால் கட்டிய தேவாலயக் கோபுரங்களும் தெரிந்தன. 1837ஆம் ஆண்டில் கர்னல் வில்லியம் லைட் என்பார், 1811இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த பரோஸ்ஸா போரின் நினைவாக இவ்விடத்துக்குப் பெயர் சூட்டினாராம். எழுதும்போது நேர்ந்த எழுத்துப் பிழை அப்படியே ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது. பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகத்தான் இருந்தது.

1842ஆம் ஆண்டில் இங்குப் பெத்தனி என்னும் சிற்றூரை அமைத்துக் குடியேறியவர்கள் லூத்தரன் சமயத்தைச் சார்ந்த ஜெர்மானியர். பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் தம் நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளை ஒன்றாக்க முனைந்து, வழிபாட்டு முறையையும் மாற்றியபோது, அதற்கு உடன்படாமல் தாய்நாட்டை விட்டு வெளியேறியவர்களின் வழியினர். மனச்சான்றுக்காக ஊரைத் துறந்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்து உழுத நிலமோ பெரமாங்க், கட்ஜுரி, கவுர்னா என்னும் பழங்குடியினருடையது. துன்பத்துக்குத் தப்பி வந்தவன் மற்றொருவனுடைய மண்ணில் கால் ஊன்றுவது உலக வரலாற்றில் புதிதன்று. எனினும், அந்த எழில்மிகு பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் சென்ற மதுச்சாலையில் எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். அவர் மகள்தான் இப்போது மது ஆக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். கொடிகளுக்கருகே செல்லுமுன் எங்கள் காலணிகளைக் குளோரின் கலந்த நீரில் நனைக்கச் சொன்னார் முதியவர். காரணத்தையும் விளக்கினார். பைலோக்சரா என்று ஒரு வேர்ப்பேன் உண்டு. வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவி, 1860களிலிருந்து அங்குள்ள திராட்சைத் தோட்டங்களை அது அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித்தான் ஐரோப்பியத் திராட்சை பிழைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1877இல் அப்பேன் காணப்பட்டது. தென் ஆஸ்திரேலியாவோ 1899இல் சட்டம் இயற்றி வாயிலை அடைத்துக்கொண்டது. இன்றுவரை அது அங்கு நுழையவில்லை. ஆதலால், தம் சொந்த வேரிலேயே நிற்கும் மிகப் பழைய கொடிகள் பரோசாவில் உள்ளன. லாங்மைல் என்னுமிடத்தில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. முப்பத்தைந்து, எழுபது, நூறு, நூற்றிருபத்தைந்து என்று அகவைப்படி கொடிகளை வகைப்படுத்தி, 2009இல் ஒரு சாசனமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதியவர் கவாத்து செய்வதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இடுப்பளவு உயரம், முறுக்கிப் பிழிந்த துணியைப் போன்ற கருத்த அடிமரம். ஒவ்வொரு கொடியின் முன்பும் அவர் ஒரு நொடி நின்றார். சென்ற ஆண்டு எங்கே வெட்டினோம், வரும் ஆண்டு எந்தக் கணு துளிர்க்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை வைத்தார். அவருடைய பாட்டனாரின் தந்தை நட்ட கொடிகளாம் அவை. பழங்கொடி குறைவாகவே காய்க்கும். ஆயினும் அதைப் பேணும் வேலை குறைவதில்லை. பால்மரம் வெட்டிய என் தந்தையாரின் கைகள் என் நினைவுக்கு வந்தன. பட்டையில் காயம் படாமல், ஆழமும் மிகாமல் கத்தியை இழுக்கும் அந்தக் கணக்கும் இத்தகையதே.

உள்ளே மகள் காட்டியது வேறொரு பொறுமை. அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும். நசுக்கிய பழம் தொட்டியில் நொதிக்கும். ஈஸ்ட், சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். தோல்கள் மேலே மிதந்து தடித்த மூடியைப் போல் கட்டிக்கொள்ளும். அவற்றை நாள்தோறும் பலமுறை உள்ளே அமிழ்த்த வேண்டும். நள்ளிரவானாலும் எழுந்து வர வேண்டும். பின்னர் ஓக் மரப் பீப்பாயில் மாதக் கணக்கில் கிடக்கும். மரத்தின் நுண்துளை வழியே கொஞ்சங் கொஞ்சமாக ஆவியாகும். குறைந்ததை அவ்வப்போது நிரப்ப வேண்டும். அதே பள்ளத்தாக்கில் செப்பல்ட்ஸ்பீல்டு என்னும் பெரிய மதுச்சாலை ஒன்றுண்டு. அங்கே 1878ஆம் ஆண்டில் பென்னோ செப்பல்ட் என்பார் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறாண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆண்டுக்கு ஆண்டு அவ்வாறே ஒதுக்கி வருகிறார்கள். 1978 முதல் நூறாண்டு முதிர்ந்த மது ஒவ்வோராண்டும் அங்கு வெளிவருகிறது. தான் காணப்போகாத நாளுக்காக ஒருவன் உழைத்திருக்கிறான்!

இவ்வுழைப்புக்குச் சோதனையும் வந்ததுண்டு. 1980களின் நடுவில் திராட்சை மிகுந்து விலை வீழ்ந்தபோது, அரசே உதவித்தொகை கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் செய்தது. நூறாண்டுக் கொடிகள் பல வேரோடு போயின. இக்குடும்பத்தார் பிடுங்கவில்லை. பத்தாண்டுகளில் காலம் மாறிற்று. பழங்கொடிக்கு மதிப்பு ஏறிற்று. இப்போது அவர்களுடைய உறுதியை எல்லாரும் பாராட்டுகிறார்கள். காலம் மாறாமலே போயிருந்தால்? அவர்களை உலகம் பிடிவாதக்காரர் என்றுதான் சொல்லியிருக்கும். அவர்களின் உறுதி இரண்டு நிலையிலும் ஒன்றே. ஆகவே, ஓர் உழைப்பின் சிறப்பை அதன் பின்விளைவைக் கொண்டு மட்டும் அளப்பது முறையன்று என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வாறு கொண்டால், மதுவைக் காரணம் காட்டி அம்முதியவரின் பொறுமையைச் சிறுமைப்படுத்தவும் இயலாது.

ஆனால் இத்துடன் வினா தீர்ந்துவிடவில்லை. பொறுமை சிறந்தது, அப்பொறுமை எதற்குப் பயன்பட்டது என்பதும் ஒரு கேள்விதானே? உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே மதுவைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவென்று எதுவும் இல்லை என்று அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. நூறாண்டு முதிர்ந்த மதுவுக்கும் இதில் விலக்கில்லை.

நம் இலக்கியமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அதியமான் தன் கள்ளை ஔவையாரோடு பகிர்ந்துகொண்டதைப் புறநானூறு நன்றியோடு நினைவுகூர்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகி மகிழுமாறு நக்கீரர் வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகள் அப்பாட்டுக்குச் சான்று கூறுகின்றன. வள்ளுவரோ தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தில் கள்ளைக் கடிந்து ஒதுக்கினார். அவ்வதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம், ஒன்றைக் கவனித்திருக்கிறோமா? பத்துக் குறளும் குடிப்பவனையே நோக்குகின்றன. ஆக்குபவனையும் விற்பவனையும் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. புலான் மறுத்தலில் வாங்குபவனையும் விற்பவனையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டியவர், கள்ளில் அவ்வாறு செய்யவில்லை. அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

முதியவரிடமே கேட்டுவிட்டேன். கோப்பையை நீட்டினார், நான் அருந்துவதில்லை என்றேன், அவர் வற்புறுத்தவில்லை. "உங்கள் பொருள் சிலரைக் கெடுக்கிறதே, அது உங்களை வருத்தவில்லையா?" என்றேன். மைத்துனருக்குச் சங்கடமாகிவிட்டது. முதியவர் சினங்கொள்ளவில்லை. தம் உடன்பிறந்த தம்பி ஒருவர் குடியாலேயே மாண்டார் என்றார். "இதை எவரும் என்மீது சுமத்தவில்லை. நானேதான் செய்கிறேன். ஆகவே, அந்த வருத்தத்தையும் நானேதான் சுமக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். தக்க விடை என்று நான் கூறமாட்டேன். வருத்தத்தைச் சுமந்துகொண்டே விற்கத்தானே செய்கிறார்? எனினும் அவர் சொல்லில் ஓர் உண்மை இருந்தது. நிலம் அவருடையது, கொடி அவருடையது, புட்டியின்மேல் அவர் குடும்பப் பெயர் இருக்கிறது. பழத்தைப் பழமாகவே விற்கவும் அவரால் முடியும். முடிவு செய்யும் உரிமை எவனிடம் இருக்கிறதோ, அவனைத்தான் புகழும் சேர வேண்டும். பழியும் சேர வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் தோட்டப்புறத்துக்குத் திரும்பினால் காட்சி மாறுகிறது. மலேசியத் தமிழர்க்கு மது என்றதும் கண்முன் தோன்றுவது ஓக் பீப்பாய் அன்று; தோட்டத்துக் கள்ளுக்கடைதான். காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நண்பகல்வரை பால் சேகரித்துவிட்டு, மாலையில் கள்ளுக்கடை வாசலில் வரிசை பிடித்து நின்றது ஒரு தலைமுறை. சம்பள நாளில் துரையின் மேசையிலிருந்து புறப்பட்ட காசு, லயத்துக்குப் போகும் வழியிலேயே திரும்பிவிடும். கடையின் இலாபத்தில் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதி வைத்ததும் உண்டு; குடியைக் கெடுத்த காசில் குடிக்கு நலம்! இதைப் பொறாமல்தான் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து அடியும் சிறையும் பட்டனர். குடித்தவனையே நாம் இன்றளவும் குறை கூறுகிறோம். கடையை எங்கே வைப்பது, எப்போது திறப்பது என்று முடிவு செய்தவன் அவனல்லன்.

இங்கே மற்றொருவரை மறந்துவிடக் கூடாது. கள் இறக்கியவர். பரோசாவின் முதியவரைப் பாராட்டும் நாம், இவரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதுண்டா? கல் கட்டடமும் பச்சைக் குன்றும் ஓக் மரத்தின் மணமும் இருந்தால் அது கலை; இடுப்பில் கயிறும் முதுகில் கலயமும் இருந்தால் அது இழிதொழில் என்று நாம் நம்மை அறியாமலே பிரித்து வைத்திருக்கிறோம். தொழில்நுட்பத்தில் இவர் எவருக்கும் குறைந்தவரல்லர். தென்னம்பாளையை விரியவிடாமல் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைப் பொருத்த வேண்டும். ஒரு நாள் தவறினால் ஊற்று அடைத்துக்கொள்ளும். அவருடைய மரம் அவருக்குச் சொந்தமன்று, கலயமும் சொந்தமன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடியும் சாறு புளிக்காது. குழந்தையும் குடிக்கும் பதநீராகும். தடவாவிட்டால் கள்ளாகும். மரமும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. வேற்றுமை ஒரு பிடி சுண்ணாம்பில்தான் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கள் இறக்கிய பெரியவர், ஆற்றோரத்தில் இருந்த ஒரு மரத்தில் மட்டும் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். அந்தப் பதநீர் லயத்துப் பிள்ளைகளுக்கு. பள்ளிக்குப் போகும் வழியில் நாங்கள் கொட்டாங்கச்சியோடு நிற்போம். குத்தகைக்காரர் ஒருநாள் மரங்களை எண்ணிப் பார்த்தார். கணக்கில் ஒன்று குறைந்தது. மறுவாரம் அந்த மரத்துக் கலயத்திலும் சுண்ணாம்பு இல்லை.